முதல் பனிச்சறுக்குக்குப் பலகையா, பூட்ஸா: கடலூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வரும் ஜனவரியில் பிரான்சின் கிரெனோபிளில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கே முதன்முறையாகப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. பிடித்துப்போனால் அடுத்த குளிர்காலத்தில் உத்தராகண்டின் ஆலியிலோ காஷ்மீரின் குல்மார்க்கிலோ தொடர எண்ணம். உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ. ஆரோவில்லை விட்டுச் சொந்த நாடு திரும்பும் ஒருவர், 170 செ.மீ. நீளமுள்ள பனிச்சறுக்குப் பலகைகளையும் (ஸ்கீ) 25.5 என்று அளவு போட்ட பூட்ஸையும் சேர்த்து மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். இணையக் கடைகளிலோ ‘பெண்களுக்கானவை’ என்ற பெயரில் புதிய செட்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன. இவற்றில் எதை வாங்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதல் பயணத்துக்கு முன்னால் எதையாவது வாங்கத்தான் வேண்டுமா என்பது ஒன்று. பெண்களுக்கென்று தனியாகச் செய்வதில் விஷயம் இருக்கிறதா, விற்பனைக்காகச் சொல்வதா என்பது இரண்டாவது. பலகை, பூட்ஸ் இரண்டில் எதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது மூன்றாவது.

நான் புதுச்சேரிக்காரன். பிழைப்புக்காக பிரான்ஸ் போய், கிரெனோபிள் பக்கத்து மலையூர் ஒன்றில் பனிச்சறுக்கு உபகரணங்களை வாடகைக்கு விடும் கடையில் பல குளிர்காலங்கள் வேலை பார்த்தேன். வருகிறவர்களின் பாதத்தை அளந்து பூட்ஸ் பொருத்துவதுதான் பெரும்பாலும் என் பொறுப்பு. நான் பயிற்றுநர் அல்ல, மருத்துவரும் அல்ல. பாதத்துக்கும் பூட்ஸுக்கும் இடையே நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், முழங்காலைப் பற்றிப் பேசும்போது கவனமாகவே பேசுவேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜனவரிப் பயணத்துக்காக எதையும் வாங்காதீர்கள், எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள், ஆனால் வாடகைக்கு எடுக்கும்போது பலகைக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் பூட்ஸுக்கு அரை மணி நேரம் செலவிடுங்கள். ஏன் என்பதைத்தான் இனி விரிவாக எழுதுகிறேன்.

கற்றுக்கொள்ளப் போகிற எல்லாருடைய கண்ணும் முதலில் பலகை மேல்தான் போகும். அதுதான் நீளமாக, வண்ணமாக, விலையுயர்ந்ததாகத் தெரிகிறது. ஆனால் பலகைக்கு உத்தரவு போவது பூட்ஸ் வழியாகத்தான். சரிவில் திரும்ப வேண்டுமென்றால், முழங்காலையும் கணுக்காலையும் மடக்கிக் கணைக்கால் எலும்பால் பூட்ஸின் முன்நாக்கை அழுத்துகிறோம். அந்த அழுத்தம் பலகையின் முன்பகுதிக்குப் போய், ஓரத்திலுள்ள எஃகு விளிம்பு பனியைப் பிடிக்கிறது. பூட்ஸுக்குள் குதிகால் அரை சென்டிமீட்டர் மேலே எழும்பினாலும், பாதம் முன்னும் பின்னும் நகர்ந்தாலும், நீங்கள் கொடுத்த அசைவு பலகைக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் போய்ச் சேரும். கற்றுக்கொள்பவர் இதைத் தன் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார். தளர்ந்த பூட்ஸைச் சரிசெய்ய பக்கிள்களை, அதாவது பூட்டும் கொக்கிகளை, இறுக்குகிறார், விரல்களால் அடிப்பாகத்தைப் பற்றிக்கொள்ள முயல்கிறார். அதனால் புறங்காலில் ரத்த ஓட்டம் குறைந்து, பாதம் மரத்து, குளிரத் தொடங்குகிறது. “பூட்ஸ் சிறிதாக இருக்கிறது, கால் வலிக்கிறது” என்று கடைக்குத் திரும்பி வருபவர்களில் கணிசமானவர்களின் காலில் இருந்தது, அளவுக்கு மீறிப் பெரிய பூட்ஸ்தான்.

ஆகவே முதல் வேலை அளப்பது. பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு நம் செருப்பு எண்ணைப் போன்றதல்ல. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் மோண்டோ அளவு அது. 23.5 என்றால் 23.5 செ.மீ. நீளமுள்ள பாதத்துக்கானது என்று பொருள், அவ்வளவே. வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். மாலையில், நாள் முழுதும் நடந்து கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு ஏ4 தாளை அதன் குறுகிய ஓரம் சுவரில் முட்டும்படி தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி தாள் மேல் நின்று, உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் போடுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். மிக நீண்ட விரலின் நுனியில், அது கட்டைவிரலாக இல்லாமல் இரண்டாம் விரலாகவும் இருக்கலாம், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். பிறகு பாதத்தின் மிக அகலமான இடத்தில், கட்டைவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் வெளியே இரண்டு பக்கமும் கோடு போட்டு, அந்த அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். நீங்கள் எழுதியிருக்கும் செருப்பு எண்ணையும் உயரத்தையும் வைத்து 23-க்கும் 24-க்கும் இடையில் வரும் என்று ஊகிக்கிறேன். அது வெறும் ஊகம், தாளில் விழும் கோடுதான் கணக்கு.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற லைனரைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனிகள் முன்பக்கத்தை லேசாகத் தொடும்வரை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று பாருங்கள். இரண்டு விரல்களைச் சேர்த்துச் செருக முடிந்தால், அதாவது சுமார் 2 செ.மீ. இருந்தால், கற்றுக்கொள்பவருக்குப் போதும். மூன்று விரல் நுழைந்தால் அந்த ஓடு உங்களுக்குப் பெரிது. மேலே எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் அது சரியாகாது. பெரும்பாலான நிறுவனங்கள் 23, 23.5 இரண்டுக்கும் ஒரே ஓட்டைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால், அரை எண் கூட்டிக் கேட்பதால் இடம் கூடிவிடாது. லைனரைத் திரும்பப் போட்டு, நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்னால் முட்ட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது விரல்கள் சற்றே பின்வாங்கி முட்டல் விலக வேண்டும். நிமிர்ந்து நின்றபோதே தாராளமாக இருக்கிறது என்றால் அடுத்த சின்ன அளவைக் கேளுங்கள். கடைக்காரர் கூட்டத்தின் அவசரத்தில் லைனரைக் கழற்றத் தயங்கினாலும் நீங்கள் விடாதீர்கள். சனிக்கிழமை மாலையில் போகாமல் வார நாளின் முற்பகலில் போனால் அவருக்கும் பொறுமை இருக்கும்.

இங்கே நம் ஊர்க் கால்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை எந்த விற்பனைப் பக்கத்திலும் நீங்கள் படிக்கப் போவதில்லை. சிறுவயதிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகலமாக விரிந்திருக்கும். குதிகால் பெரும்பாலும் ஒடுக்கமாகவே இருக்கும். மூடிய காலணியிலேயே வளர்ந்த ஐரோப்பியப் பாதத்தை மனதில் வைத்து வார்த்த ஓடு, நீளத்தில் நமக்குச் சரியாக இருந்து அகலத்தில் இறுக்கும். அப்போது பலரும் செய்வது, அகலம் கிடைக்கட்டும் என்று ஓரிரு எண் பெரிதாகப் போவது. அங்கேதான் குதிகால் தளர்ந்து, முன்னே சொன்ன தொல்லைகள் எல்லாம் தொடங்குகின்றன. செய்ய வேண்டியது, அதே நீளத்தில் அகலமான வார்ப்பைக் கேட்பது. ஓட்டின் அகலம் பொதுவாக 98 மி.மீ. என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த எண் வழக்கமாக 26.5 அளவுள்ள பூட்ஸை வைத்துச் சொல்லப்படுவது, 23.5-இல் உண்மையான அகலம் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே உங்கள் தாளில் 94 மி.மீ. வந்திருந்தால், 98 என்று எழுதிய பூட்ஸ் தாராளம் என்று எண்ணிவிட வேண்டாம். 100, 102 இரண்டையும் காலில் போட்டுப் பாருங்கள். பிற்காலத்தில் சொந்தமாக வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான்: இறுக்கும் இடத்தில் மட்டும் ஓட்டைச் சூடாக்கித் தள்ளி அகலப்படுத்த முடியும், பெரிய ஓட்டைச் சிறிதாக்க யாராலும் முடியாது.

இனி ‘பெண்களுக்கான’ என்ற முத்திரைக்கு வருகிறேன். பூட்ஸைப் பொறுத்தவரை அதில் விஷயம் இருக்கிறது. பெண்களின் ஆடுசதை ஆண்களுடையதைவிடப் பொதுவாகக் கீழே, பூட்ஸின் மேல்விளிம்பு வந்து முட்டும் இடத்தருகே தொடங்குகிறது. ஆண்களுக்கான பூட்ஸின் உயரமான, குறுகலான மேற்பகுதி அந்தச் சதையைப் பிடித்து அழுத்தும். மேல் பக்கிள் மாட்டவே மாட்டாது, மாட்டினாலும் அரை மணி நேரத்தில் வலிக்கும். பெண்களுக்கான பூட்ஸில் மேற்பகுதி சற்றுக் குட்டையாகவும் வாய் அகன்றும், குதிகால் இடம் ஒடுக்கமாகவும் இருக்கும். இந்த மூன்று மாற்றங்களும் உடலமைப்பைப் பார்த்துச் செய்தவை. உங்களுக்குப் பெண்களுக்கான பூட்ஸைக் கேட்பதே நல்லது. அதே சமயம், முத்திரை இருக்கிறது என்பதற்காக எல்லாப் பெண்களுக்கும் பொருந்திவிடாது. ஆடுசதை மெலிந்து பாதம் அகன்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆண்களுக்கான சிறிய அளவு நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். சதை கனமாக இருந்தால், பின்புறம் செருகியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிடச் சொல்லலாம், அல்லது குதிகாலுக்கு அடியில் மெல்லிய திண்டு ஒன்றை வைக்கச் சொல்லலாம். திண்டு குதிகாலை உயர்த்துவதால் சதையும் விளிம்புக்கு மேலே ஏறிவிடும்.

அந்தத் திண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கணுக்கால் முன்னோக்கி நன்றாக மடங்காதவர்கள் பூட்ஸுக்குள் முன்னால் சாய முடியாமல் பின்பக்கம் உட்கார்ந்தபடியே சறுக்குவார்கள்; அவர்களுக்கும் குதிகாலை உயர்த்துவது உதவும். உங்கள் கணுக்கால் எப்படி என்று பார்க்க எளிய வழி, கோலம் போடக் குந்துவதுபோல் குந்திப் பாருங்கள். குதிகால் இரண்டும் தரையில் படிந்திருக்க, விழாமல் உட்கார முடிந்தால் உங்கள் கணுக்காலுக்கு எந்தக் குறையும் இல்லை. குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டால் கடையில் அதைச் சொல்லுங்கள்.

பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதை ஃப்ளெக்ஸ் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு 50 முதல் 70 வரை போதும். உங்கள் எடைக்கு 60 ஒட்டி இருந்தால் நல்லது. விற்பனையாளர் “நாளைக்கே முன்னேறிவிடுவீர்கள்” என்று 90-ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்னால் சாய முடியாத பூட்ஸில் முன்னேற வழியில்லை. ஆனால் இந்த எண்ணுக்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 70 இன்னொன்றின் 60-ஆகவோ 80-ஆகவோ இருக்கலாம். போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் குளிரில் விறைக்கும், வெயிலில் இளகும். நம் ஊர் 34 டிகிரியில் ஒரு பூட்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு “நன்றாக வளைகிறதே” என்று முடிவு செய்தால், பூஜ்யத்துக்குக் கீழே அது வேறு பொருளாக இருக்கும்.

பூட்ஸுக்குள் காலோடு போக வேண்டியது ஒரே ஒரு மெல்லிய, முழங்கால்வரை நீண்ட காலுறை. கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம், ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து காலைக் குளிரவைக்கும். குளிருக்குப் பயந்து இரண்டு உறை போடுவது நம்மவர்கள் எல்லாரும் செய்வது. இரண்டும் ஒன்றோடொன்று உரசி மடிந்து கொப்புளத்தைத்தான் கொடுக்கும். உள்ளே அணியும் இறுக்கமான கால்சட்டை பூட்ஸின் வாய்க்கு மேலேயே முடிய வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. கொலுசும் மெட்டியும் போட்டிருந்தால் இரண்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். கடையில் ஒரு நாள், பூட்ஸை மூன்று முறை மாற்றியும் வலி போகாத தமிழ்ப் பெண் ஒருவரின் உறையைக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டாம் விரலில் மெட்டி பதிந்து தோல் சிவந்திருந்தது. அதைக் கழற்றியதும் முதலில் போட்ட பூட்ஸே சரியாகப் பொருந்தியது. வீட்டில் பெரியவர்கள் மெட்டியைக் கழற்றுவதற்குத் தயங்கினால், சரிவில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும்தான் என்று எடுத்துச் சொல்லலாம். விரலை ஓட்டோடு சேர்த்து அழுத்தும் உலோகம் அங்கே வலியையும் குளிரையும் தவிர வேறெதையும் தராது.

காலை விட்டதும் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிப் பின்னால் ஒட்டவையுங்கள். புறங்கால் மேல் வரும் பக்கிள்களை முதலில் மிதமாகப் போட்டு, மேலுள்ள இரண்டையும் போட்டு, முழங்காலை மடக்கி நாலைந்து முறை முன்னால் சாய்ந்துவிட்டு, மேல் பக்கிள்களை மட்டும் இன்னும் ஒரு பல் இறுக்குங்கள். இறுக்கம் கணைக்காலில் இருக்க வேண்டும், புறங்காலில் அல்ல. பிறகு உட்காராமல் கடையிலேயே பத்து பதினைந்து நிமிடம் நடமாடுங்கள்.

பலகையைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. கற்றுக்கொள்பவருக்குப் பலகையின் நீளம் தரையிலிருந்து நிறுத்திவைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். உங்கள் உயரத்துக்கு 138 முதல் 147 செ.மீ. வரை என்று வைத்துக்கொள்ளலாம், தொடக்க நாட்களில் கீழ்ப்பக்கமே நல்லது. பலகையின் நடு அகலம் 70 முதல் 78 மி.மீ. வரை இருந்தால், இயந்திரத்தால் சமன்செய்த சரிவில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுலபமாகச் சாயும். குல்மார்க் காணொளிகளில் ஆழமான புதுப்பனியில் மிதந்து போகிறவர்களின் கால்களில் இருப்பவை 100 மி.மீ. தாண்டிய அகலப் பலகைகள். அவற்றைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், தொடக்கச் சரிவில் அவை பிடிவாதம் பிடிக்கும். மென்மையாக வளைவதாகவும் முன்நுனி சற்றே மேல்நோக்கி எழும்பியதாகவும் இருந்தால் திருப்பத்தைத் தொடங்குவது எளிது.

பெண்களுக்கான பலகைகளில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு, அவை எடை குறைந்தவை, மென்மையானவை, சிறிய நீளங்களில் கிடைப்பவை என்பது மட்டும்தான். கற்றுக்கொள்பவர்களுக்கான பொதுப் பலகைகளும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்; வாடகைக் கடையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வகையைக் கொடுப்பதும் அதனால்தான். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை ஒரு சென்டிமீட்டர் போல முன்னால் தள்ளிப் பொருத்துவதால் பெண்களுக்கு எளிதாகத் திரும்பும் என்பதைச் சிலர் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்கள்; முதல் வாரத்தில் இருக்கும் ஒருவருக்கு அது தெரியாது என்பது என் கணிப்பு. அகன்ற இடுப்பெலும்பு அமைப்புக்கென்றே வடிவமைத்த பலகை முழங்காலைக் காக்கும் என்ற விளம்பர வாசகத்தை நான் நம்பிக் காசு கொடுக்கமாட்டேன். ஆகவே பெண்களுக்கான பலகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் தேட வேண்டாம். அதைவிட, கொடுத்த பலகையின் எஃகு விளிம்பு கூராக இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை விளிம்புக்குக் குறுக்காக லேசாக இழுத்தால் நகத்தின் தூள் சீவிக்கொண்டு வர வேண்டும். மழுங்கிய விளிம்பு காலை நேரத்துக் கெட்டிப் பனியில் பிடிக்காது. கையில் ஊன்றும் கோலின் நீளத்துக்கு, அதைத் தலைகீழாகப் பிடித்து, நுனிப்பக்க வளையத்துக்குக் கீழே பற்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் பைண்டிங் இருக்கிறது, அதில் விளையாட்டு கூடாது. விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் அந்தக் கருவி எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிப்பாக நீளம், நீங்கள் சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்து அட்டவணைப்படி தீர்மானிக்கிறார்கள். அடிப்பாக நீளம் என்பது குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் எண். பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய விடுவிப்பு எண்ணை இங்கே எழுதமாட்டேன், அதை வைத்துக்கொண்டு திருப்புளியால் நீங்களே திருகிவிடக் கூடாது என்பதற்காக. கடைக்காரர் எடை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் பலகை கழன்று விழுவீர்கள். “கொஞ்சம் தெரியும்” என்று திறமையைக் கூட்டிச் சொன்னால், மெதுவாக விழும்போது கழல வேண்டிய பலகை கழலாமல் காலை முறுக்கும்.

முழங்காலைப் பற்றி ஒரு உண்மையை மறைக்க விரும்பவில்லை. நவீன பூட்ஸும் பைண்டிங்கும் வந்த பிறகு கணைக்கால் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது அதே போலக் குறையவில்லை. பொழுதுபோக்காகச் சறுக்குபவர்களில் அந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் ஏற்படுகிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. ஏன் என்பதற்கு இடுப்பு அமைப்பு, தொடைத் தசை வலு, ஹார்மோன் என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, எதிலும் முழு உடன்பாடு இல்லை. குட்டையான பலகை, சரியாக அமைத்த பைண்டிங், முன்னால் சாய விடும் பூட்ஸ் மூன்றும் உதவும் என்பது கடையில் நின்று பார்த்தவனின் நம்பிக்கை. எந்த உபகரணமும் முழங்காலுக்கு உத்தரவாதம் அல்ல. இப்போதிலிருந்தே மாடிப்படி ஏறி இறங்கித் தொடையை வலுப்படுத்துங்கள். முழங்காலில் பழைய காயம் ஏதாவது இருந்தால், புறப்படுவதற்கு முன் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிக் கேட்டுவிட வேண்டும். அதற்கு என் பதில் மாற்று ஆகாது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஆரோவில் செட்டுக்குப் பதில் தானாகவே வந்துவிடுகிறது. பலகை உங்கள் உயரத்தைவிட 12 செ.மீ. நீளம், பூட்ஸ் உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு எண் பெரிது. அளவு பொருந்தியிருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பூட்ஸின் ஓடும் அடிப்பாகமும் பெரும்பாலும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது காற்றின் ஈரத்தை வாங்கி, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வெளியே பளபளப்பாக இருக்கும் பழைய பூட்ஸ், குளிர்ந்த பனியில் முதல் நாளிலேயே துண்டு துண்டாக உடையக்கூடும். வங்கக் கடலோரத்தில் பல ஐப்பசி, கார்த்திகை மழைகளைப் பரணில் கழித்த ஒரு ஜோடியை நம்பி மலைச்சரிவில் நிற்கக் கூடாது. கடற்காற்றின் உப்பு பலகையின் விளிம்பைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். பைண்டிங் பழைய மாதிரியாக இருந்தால், நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்டது என்று சொல்லி அதைத் தொட மறுக்கும் கடைகளே அதிகம். இப்போதைய பூட்ஸ்கள் பலவற்றில் நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடிப்பாகம் வருகிறது. அது எல்லாப் பழைய பைண்டிங்குக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைப் பயிற்றுநருக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கிரெனோபிளில் இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. ஊரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் சாம்ரூஸ் என்ற பனிச்சறுக்கு மலையூர் இருக்கிறது. 1968 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அங்கே தொடக்கச் சரிவுகளும் உண்டு. பனிச்சறுக்குப் பலகை செய்யும் ரோசிஞோல் நிறுவனம் 1907-இல் தொடங்கிய வோரோன் ஊர் கிரெனோபிளுக்குப் பக்கத்தில்தான். அந்த வட்டாரத்தில் பாதத்தைப் பார்த்து பூட்ஸ் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பூட்ஸ், பலகை, கோல் மூன்றையும் சேர்த்தே வாடகைக்குத் தருவார்கள். அக்காவைக் கூட அழைத்துப் போய், உங்கள் தாளில் குறித்த நீளத்தையும் அகலத்தையும் சொல்லி, லைனரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவரைப் பிரெஞ்சில் கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் பொதுவாக எங்கும் அழுத்தமாக இருப்பது இயல்பு. ஒரே புள்ளியில், சுண்டுவிரல் மூட்டிலோ கணுக்கால் எலும்பிலோ, குத்துவதுபோல் வலித்தால் அது இயல்பல்ல, மரத்துப்போவதும் இயல்பல்ல. பொறுத்துக்கொண்டு இரண்டாம் நாளும் போடாதீர்கள், அன்று மாலையே போய் மாற்றிக் கேளுங்கள். வாடகைக்கு எடுப்பதன் பெரிய லாபமே அதுதான்; கூச்சப்பட ஒன்றுமில்லை, கடைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை.

அடுத்த குளிர்காலத்தில் தொடரப் போவது உறுதியானால், அப்போது முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். ஆலியில் உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் பயிற்சிகளிலும், குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலும் உபகரணங்களை அவர்களே தருகிறார்கள். பலகைக்கு அது போதும். ஆனால் 23, 23.5 போன்ற சிறிய பெண் அளவுகள், அதிலும் அகலமான வார்ப்பில், நீங்கள் போகும் நாளில் கையிருப்பில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கிரெனோபிளில் வாடகை பூட்ஸ் எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எந்த அகலம் உங்களுக்கு ஒத்துவந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நேரில் போட்டுப் பார்க்காமல் இணையத்தில் வாங்குவதானால் அந்தத் தகவல்தான் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம். வாங்கிய பூட்ஸை விமானத்தில் முடிந்தால் கைப்பையோடு கொண்டுபோங்கள், பெட்டி வந்து சேராவிட்டாலும் பலகை எங்கும் கிடைக்கும். கடலூருக்குத் திரும்பியதும் லைனரை வெளியே எடுத்து, வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தி, திரும்பப் போட்டு, பக்கிள்களை லேசாக மாட்டி, பரணில் ஏற்றாமல் காற்று நுழையும் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.